பழைய மொபைல் கிரேன்: பழுது பார்ப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா?

கேள்வி: எங்கள் கிரேனுக்கு வயது 25. என்ஜின் புகை கக்குகிறது. முழுதாகப் பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவ்வளவு செலவு தகுமா?

பதில்: என்ஜினை வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். என்ஜின், பம்ப், வின்ச் மோட்டார் எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை; சுமையைத் தாங்கும் பூம் (சுமை தூக்கும் நீளமான கை), சுழல்மேடை, அடிச்சட்டம் ஆகிய மூன்றையும் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஆகவே மெக்கானிக்குக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே, இம்மூன்றின் வெல்டிங் இணைப்புகளிலும் பெயின்ட்டை நீக்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் காந்தத்துகள் சோதனை செய்து பாருங்கள். வயதைவிட வேலைக் கணக்கே முக்கியம். மாதத்தில் நான்கு நாள் இயந்திரங்களை இறக்கிவைத்த கிரேனும், நாள் முழுவதும் கிராப் வாளியால் மணல் அள்ளிய கிரேனும் ஒரே ஆண்டில் வாங்கப்பட்டிருந்தாலும் ஒரே நிலையில் இருக்கமாட்டா. மொபைல் கிரேன்கள் பெரும்பாலும், வேலையின் கடுமையைப் பொறுத்துக் கிரேன்களை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 4301 தரநிலையின் மிக லேசான பிரிவான ஏ1 வேலைக்கே வடிவமைக்கப்படுகின்றன.

கேள்வி: பூமின் அடித்தகட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் இருக்கிறது. நன்கு தெரிந்த வெல்டர் ஒருவர் ஒரே நாளில் அடைத்துத் தருவதாகச் சொல்கிறார். பிறகு லோட் டெஸ்ட் செய்துகொண்டால் போதாதா?

பதில்: போதாது. சாதாரணக் கட்டுமான எஃகு ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிலையாக வளையத் தொடங்கும். இன்றைய பூம்களின் எஃகு 690, 960 மெகாபாஸ்கல் வரை தாங்கும்படி சூடாக்கித் தோய்த்துப் பதம் ஏற்றப்பட்டது. வெல்டிங்கின் சூடு மிகுந்தால் அந்தப் பதம் இறங்கிவிடும். சூடு குறைந்து வேகமாகக் குளிர்ந்தாலோ, உலோகத்துக்குள் புகுந்த ஹைட்ரஜன் பல மணி நேரம் கழித்துப் புதிய விரிசலை உண்டாக்கும். எவ்வளவு கைதேர்ந்தவராயினும், தயாரிப்பாளர் எழுதித் தந்த முன்சூடு அளவும் வெல்டிங் கம்பியின் வகையும் இல்லாமல் அந்த இடத்தில் கைவைப்பது சூதாட்டம். முறைப்படி செய்த வேலையையும் இரண்டு நாள் கழித்தே அல்ட்ராசோனிக் சோதனையில் பார்க்க வேண்டும். லோட் டெஸ்ட்டில் அனுமதித்த சுமையின் 125 சதவீதத்தை ஒருமுறை தூக்கிக் காட்டுவது அன்றைய பலத்தைக் காட்டுமே தவிர, ஆயிரமாவது தூக்கலில் விரிசல் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லாது. விரிசல் ஏணிப்படியைத் தாங்கும் சிறு பட்டையில் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். பிரதானத் தகட்டில் என்றால், அந்தப் பூம் பகுதியையே தயாரிப்பாளரிடமிருந்து வாங்கி மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் கிரேனை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பூமை நீட்டி நிறுத்தினால் மதியத்துக்குள் தானாகச் சற்று உள்ளே வந்துவிடுகிறது. சிலிண்டர் போய்விட்டதா?

பதில்: முதலில் எண்ணெயின் சூட்டைப் பாருங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 0.07 சதவீதம் சுருங்கும். 8 மீட்டர் நீண்ட சிலிண்டரில் எண்ணெய் 20 டிகிரி குளிர்ந்தால் 11 சென்டிமீட்டர் உள்வாங்குவது இயல்பே. இதற்காக நல்ல கிரேனை விற்க முனைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் முழுதும் குளிர்ந்த பின்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் சீலோ, சுமைதாங்கும் வால்வோ பழுது, இரண்டும் மாற்றக்கூடியவையே.

கேள்வி: சுமை காட்டும் கருவி வேலை செய்யவில்லை. தயாரிப்பாளர் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டார். எந்த நிலையில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோட் சார்ட்டும் தொலைந்துவிட்டது.

பதில்: வேறு நிறுவனக் கருவியைப் பொருத்தலாம், ஆனால் அதற்குள் ஏற்றுவதற்கு உங்கள் கிரேனின் சீரியல் எண்ணுக்கு உரிய சார்ட் வேண்டும். அதே மாடலில் இன்னொருவரிடம் இருப்பதை நகலெடுக்காதீர்கள். எதிர் எடையோ பூம் நீளமோ வேறுபட்டால் அந்த எண்கள் பொய்யாகிவிடும். சார்ட் எங்கும் கிடைக்காதெனில், இரும்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஸ்கிராப்புக்கே அனுப்புவேன்.

கேள்வி: ஸ்கிராப்புக்குக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எண்ணெய், டீசல், பேட்டரி ஆகியவற்றை முன்கூட்டியே அகற்றுங்கள். நைட்ரஜன் அடைத்த அக்குமுலேட்டர் (ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சேமிக்கும் கலன்) இருந்தால், அழுத்தத்தை வெளியேற்றும் முன் கேஸ் கட்டரை அதன் அருகே கொண்டுசெல்ல விடாதீர்கள். பூமையும் கொக்கியையும் உங்கள் கண்ணெதிரே துண்டாக்கச் சொல்லி, சீரியல் எண் தகட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புதுப் பெயின்ட் பூசிய அதே கிரேன் வேறொருவரின் தலைக்குமேல் சுமை தூக்கிக்கொண்டிருக்கும்.