சின்ன எலக்ட்ரிக் சைக்கிள் பிராண்டுகள் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி விற்பவைதானா?

"மோட்டார் ஒருவரிடம், பேட்டரி ஒருவரிடம், ஃப்ரேம் ஒருவரிடம் வாங்கி, பெயரை மட்டும் ஒட்டி விற்கிறார்கள். இதில் வடிவமைப்பு என்று என்ன இருக்கிறது? நானும் ஒரு பிராண்ட் தொடங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதியை நேரிலேயே பலர் எங்களிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அநேகமாக உங்களிடம் ஒரு ஃப்ரேம் வரைபடம் இருக்கும். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டிருப்பீர்கள். பெயரும் லோகோவும்கூட முடிவாகியிருக்கும். நானும் என் கூட்டாளியும் தொடங்கியபோது கையில் இருந்தது அவ்வளவுதான்.

ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. தயாராக இருக்கும் மாடலில் நிறத்தை மட்டும் மாற்றி விற்பதும் ஒரு வியாபாரம்தான், அவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் பாகங்களை வெளியே வாங்குவதே ஏமாற்று என்று சொன்னால் பேர்பெற்ற சைக்கிள் கம்பெனிகளும் அதில் அடங்கும். பிரேக், கியர், டயர், செயின் என்று ஒவ்வொன்றையும் அதற்கென இருக்கும் கம்பெனியிடம் வாங்குவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று யார் யோசித்தார்கள் என்பதைப் பாருங்கள். வடிவமைப்பு அங்கேதான் இருக்கிறது.

பின் சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதன் அச்சு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுப்பது அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவிய பகுதியும், ஃப்ரேமில் அது உட்காரும் பிளவும்தான். பிளவின் அகலம் 10 மி.மீ. அளவுதான் இருக்கும். 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அந்தச் சின்ன விளிம்பில் இறங்கும்போது நூற்றுக்கணக்கான கிலோ எடைக்குச் சமமாகிவிடும். சாதாரண அலுமினிய ஃப்ரேமில் நட்டு கொஞ்சம் தளர்ந்தால் போதும், பிளவு விரிந்துவிடும். அச்சு சுழன்றால் அதன் நடுவே வரும் மோட்டார் ஒயரும் முறுக்கி அறுந்துவிடும். அந்த இடத்தில் நாங்கள் தடித்த எஃகுத் தகடு வைத்தோம், அச்சு சுழலாமல் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் என்ற கைத்தகட்டை ஃப்ரேமோடு போல்ட் போட்டு முடுக்கினோம். ஒயர் வெளியே வந்ததும் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றினோம். மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிடும், மோட்டாருக்குள் போகாது. கடையில் வண்டி பார்க்கிற யாரும் குனிந்து அந்த வளைவைப் பார்ப்பதில்லை.

எங்களை அதிக நாள் உட்கார வைத்தது, மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று முடிவு செய்யும் கன்ட்ரோலர். பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் கேடன்ஸ் சென்சார் விலை குறைவு. ஆனால் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அதற்குத் தெரியாது. அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதை வாங்கிப் பொருத்தினால் மட்டும் போதுமா, போதாது. எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு கரண்ட், எத்தனை வேகமாக ஏற வேண்டும், காலை எடுத்ததும் எப்படி இறங்க வேண்டும் என்பதையெல்லாம் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே செட்டிங் எடை அதிகமுள்ளவருக்குச் சுகமாக இருக்கும், ஒல்லியானவருக்கு மோட்டார் எழுந்துகொள்ளவே செய்யாது. மேட்டில் நின்று கிளம்பும் அந்த முதல் அரைச் சுற்றுக்காக, லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணை மாற்றி மாற்றி வெவ்வேறு எடையுள்ளவர்களை ஓட்ட வைத்தோம். வண்டி தள்ளிவிடுகிற மாதிரி இருக்கக் கூடாது, தன் காலுக்கே பலம் கூடியது போல இருக்க வேண்டும். அது கிடைக்கும் வரை நாங்கள் விடவில்லை.

அப்புறம் முதல் பேட்ச் வந்தது. பெட்டியைப் பிரித்து ஓட்டிப் பார்த்தேன். பெடலில் கால் வைத்ததுமே வண்டி துள்ளியது. நாங்கள் ஒப்புதல் கொடுத்த சாம்பிள் வண்டியை உறை போட்டு, கையெழுத்திட்டுத் தனியாக வைத்திருந்தோம். கோல்டன் சாம்பிள் என்பார்களே, அது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்திக் கன்ட்ரோலர் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே போர்டு வேறு. வெளி உறை, கனெக்டர், லேபிள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சப்ளையர் மாற்றிவிட்டார். கேட்டால், "இதுவும் அதே ஸ்பெசிஃபிகேஷன்தான், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்" என்று பதில். முன்பணம் கட்டியவர்களுக்கு எழுதி, வெளியீட்டைத் தள்ளிவைத்து, எல்லா கன்ட்ரோலரையும் மாற்ற வைத்தோம். சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. முதல் அரைச் சுற்றில் துள்ளும் வண்டியில் புதிதாக ஓட்டும் ஒருவர் குறுக்குச் சந்திலிருந்து சாலைக்கு வருவதை நினைத்துப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இருவரில் ஃப்ரேம், மோட்டார், வெல்டிங் எல்லாம் என் வேலை. என் கூட்டாளி கணக்கு பார்ப்பவர். ஆனால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வெல்டிங் பற்றிய கேள்வி அவரிடம் போகும், "நிறம் யார் தேர்ந்தெடுத்தது?" என்பது என்னிடம் வரும். 6061 வகை அலுமினியம் வெல்டிங் சூட்டில் ஓரங்களில் வலு இழந்துவிடும், அதனால் ஃப்ரேம் முழுவதையும் மறுபடி ஹீட் ட்ரீட்மென்ட் செய்து டி6 என்ற வலுவான நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் விளக்கி முடித்ததும், சரிதானா என்று அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் ஒவ்வொரு முறையும் "அவரிடமே கேளுங்கள்" என்பார். இத்தனைக்குப் பிறகும் எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கே விற்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கி.மீ. வேகம் வரை உதவி என்றால்தான் அது சைக்கிள். அதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் போய்விடும். அமெரிக்க மத்திய சட்டத்தில் 750 வாட்டுக்குக் குறைவு, மோட்டாரால் மட்டும் போகும் வேகம் மணிக்கு 20 மைலுக்குக் கீழ். மோட்டாரை வாங்கி வைத்துவிட்டுச் சட்டத்தைப் படிப்பது நடக்கிற காரியமில்லை.

பேட்டரியில் மட்டும் பேரம் பேசாதீர்கள். 36 வோல்ட் பேட்டரியில் செல் வரிசைகள் பத்து, தொடராக இணைந்திருக்கும்; முழு சார்ஜில் 42 வோல்ட். ஒவ்வொரு வரிசையையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டில் காசை மிச்சம் பிடித்தால் அது யாரோ ஒருவர் வீட்டில் தீயாகத்தான் முடியும். லித்தியம் பேட்டரியை அனுப்ப ஐ.நா. 38.3 சோதனை அறிக்கை கட்டாயம். நியூயார்க் நகரில் 2023 முதல் யு.எல். 2849 போன்ற பாதுகாப்புத் தரச் சான்று இல்லாத எலக்ட்ரிக் சைக்கிளை விற்கவே முடியாது. பேட்டரி தீ விபத்துகளில் உயிர்கள் போன பிறகு வந்த சட்டம் அது. சின்ன பிராண்டுக்கு இந்தச் சோதனைச் செலவு கனம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சட்டத்தை எதிர்த்து நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆப் இல்லாமலும் வண்டி ஓட வேண்டும். நெதர்லாந்தின் எலக்ட்ரிக் சைக்கிள் கம்பெனியான வான்மூஃப் 2023 ஜூலையில் திவாலானபோது, அதன் வண்டிகளை வாங்கியவர்கள் ஆப் மூலம் வண்டியைத் திறக்கும் தங்கள் டிஜிட்டல் சாவியை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று தவித்தார்கள். தனித்துவமான பாகங்கள் என்பதால் சாதாரண கடையில் ரிப்பேர் செய்வதும் கஷ்டமாக இருந்தது. கம்பெனி பிறகு கைமாறிப் பிழைத்துக்கொண்டது. ஆனால் நாங்கள் அன்றே முடிவெடுத்தோம்: பிரேக் பேட், ஸ்போக், செயின், டயர் எல்லாம் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும் அளவில்தான் இருக்கும். நாங்கள் நாளைக்கே கடையை மூடினாலும் எங்கள் வண்டி ஓட வேண்டும். "அப்படியென்றால் உங்களுக்கு என்ன லாபம்?" என்று முதலீட்டாளர் ஒருவர் கேட்டார். அவரோடு பேச்சு அதோடு நின்றது, எனக்கு வருத்தமில்லை.

தொடங்குங்கள், ஆனால் சிறிய பேட்ச்சாக. விளம்பரத்துக்கு என்று ஒதுக்கும் பணத்தை முதலில் ஸ்பேர் பேட்டரி, கன்ட்ரோலர், டிஸ்ப்ளே வாங்கி அலமாரியில் வைக்கச் செலவிடுங்கள். ஆர்டர் கொடுக்கும் ஒப்பந்தத்தில், முன்கூட்டி எழுத்தில் சொல்லாமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பேட்டரி விற்பவரிடம் 38.3 அறிக்கையைக் கேளுங்கள், அதிலுள்ள மாடல் எண்ணும் பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். "அது இதே மாதிரி மாடல்தான்" என்று இழுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.