நாடகத்துல ப்ராம்ப்டர்னா யாரு? ஏஐக்கு குடுக்கிற ப்ராம்ப்டும் இதுவும் ஒண்ணா?

நீங்க ஏஐ பக்கத்துலேர்ந்து வர்றீங்கன்னு நினைக்கிறேன். வார்த்தை ஒண்ணுதான், ஆனா நாடகத்துல இது ஷேக்ஸ்பியர் காலத்துலேர்ந்தே இருக்கு, அவர் நாடகத்துல வர்ற ஒதெல்லோவே "இது நான் சண்டை போட வேண்டிய இடம்னா ப்ராம்ப்டர் இல்லாமலே எனக்குத் தெரிஞ்சிருக்கும்"னு ஒரு இடத்துல சொல்வான். நடிக்கிறவருக்கு வசனம் மறந்தா சைடு விங்ல, அதாவது மேடை ஓரத்து மறைவுல, ஸ்கிரிப்டோட நின்னு அடுத்த வரியோட முதல் ரெண்டு வார்த்தையை எடுத்துக் குடுக்கறதுதான் ப்ராம்ப்ட், குடுக்கறவர் ப்ராம்ப்டர். லைட், சவுண்டு, யார் எப்ப உள்ள வரணும்னு எல்லாம் குறிச்சு வச்ச ஸ்கிரிப்ட் ப்ராம்ப்ட் புக். பிரிட்டிஷ் தியேட்டர்ல மேடையில ஆடியன்ஸைப் பாத்து நிக்கிறவரோட இடது கைப்பக்கத்துக்கு ப்ராம்ப்ட் சைடுன்னே பேரு.

அர்த்தம் அவ்வளவுதான். ஆனா "ஒழுங்கா மனப்பாடம் பண்ணாதவனுக்குத்தான் ப்ராம்ப்டர்"னு கமெண்ட்ல யாராவது வருவாங்க, அதனால இதையும் சொல்லிடறேன். நான் மயிலாப்பூர்ல ஒரு அமெச்சூர் ட்ரூப்ல காலேஜ் முடிச்சதுலேர்ந்து ப்ராம்ப்ட் பண்ணவன். எங்க ஹீரோ பேங்க்ல ஆபீசர், மொட்டை மாடி ரிகர்சல்ல ஒரு வரி விடமாட்டார். ஒரு தடவை வாணி மகால்ல ஷோ, அன்னிக்கு அவருக்கு ஆடிட், நேரா ஆபீஸ்லேர்ந்து வந்து மேக்கப் போட்டுக்கிட்டார். கிளைமாக்ஸ்ல பையன்கிட்ட வீட்டுப் பத்திரத்தைப் பத்திக் கேக்கணும், கேக்காம நிக்கிறார். ஹால் முழுக்க அது நடிப்புன்னு உக்காந்திருக்கு, எனக்கு மட்டும் தெரியுது, ஏன்னா மறந்துட்டா அவரோட வலது கை வாட்ச் பட்டைக்குப் போகும், அன்னிக்குப் போச்சு. மேல தொங்குற மைக் அவர் தலைக்கு மேலயே இருக்கு, சத்தமா சொன்னா கடைசி வரிசை வரைக்கும் என் குரல்தான் கேக்கும், வெறும் காத்துக் குரல்ல சொன்னா அவர் காதுலயே விழாது. அடித்தொண்டையில "பத்திரம் எங்கடா"ன்னு எடுத்துக் குடுத்தேன். அவர் அதை அப்படியே வாங்கி அழுதுக்கிட்டே பேசினாரு பாருங்க, என்னா கைதட்டல்! அந்தக் கைதட்டல்ல எனக்கும் பங்கு இருக்குன்னு இன்னிக்கும் சொல்வேன், யார் என்ன நினைச்சாலும் சரி.

நன்றி சொல்லும்போது லைட்டுக்கு, செட்டுக்கு, மேக்கப்புக்கு, ஹார்மோனியத்துக்கு எல்லாம் பேர் சொன்னாங்க, ப்ராம்ப்டர் பேர் மட்டும் வரல. ப்ராம்ப்டர் இருந்ததே ஆடியன்ஸுக்குத் தெரியக்கூடாதாம். கேக்கறதுக்கு நல்லாதான் இருக்கு, ஆனா நாடகம் முடிஞ்சு திரை போட்டப்புறம் தெரிஞ்சா என்ன கெட்டுப்போகுது?

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்றேன். டிராமான்னா மட்டும் ஏன் எல்லாரும் பாஸ் கேக்கறீங்க? மால்ல சினிமாவுக்கு டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன்னு வாயைத் தொறக்காம குடுக்கற அதே ஆளு, எனக்கு போன் பண்ணி "நாலு பாஸ் எடுத்து வைப்பா"ங்கறார். ஹால் வாடகை, லைட், செட் ஏத்துற வேன் எல்லாத்துக்கும் ட்ரூப்ல இருக்கிறவங்கதான் சம்பளத்துலேர்ந்து போடறோம். ப்ராம்ப்டர் எப்படி வேலை செய்றார்னு பாக்கணும்னா எந்த சபாவா இருந்தாலும் முன் வரிசையில ஓரமா உக்காருங்க, விங்ல நிக்கிறவர் தெரிவார். டிக்கெட் வாங்கிட்டு வாங்க.