பன்னிரண்டு வருஷம் வெளியே இருந்தவர்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதைநாயகன் முனியன், பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் பால் எடுக்கிறவன். 2004இல் தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) சொன்ன பொய்ச்சாட்சியால் கொலைக் குற்றத்துக்காகத் தைப்பிங் சிறைக்குப் போகிறான். 12 வருஷம் கழித்து, 2016இல், பழிவாங்கும் வெறியோடு திரும்பி வருகிறான். மொத்தம் 16 பாத்திரங்கள். படித்துப் பார்த்த நண்பர், ‘கிராணி சினிமா வில்லன் மாதிரி இருக்கிறார், மற்ற யாருமே மனதில் நிற்கவில்லை’ என்கிறார். யாரை வெட்டுவது? யாரை வளர்ப்பது? கடைசியில் முனியன் கிராணியைக் கொல்ல வேண்டுமா?

பதில்: வெட்டுவதற்கு முன் ஒரு சட்டக் கணக்கைச் சரிபண்ணிவிடுவோம். அதைத் தொட்டால் பாத்திரங்களும் மாறும்.

நீங்கள் எழுதியிருப்பதுபோல் முனியன்மீது கொலைக் குற்றம், அதாவது தண்டனைச் சட்டத்தின் 302ஆவது பிரிவு, நிரூபணமாகியிருந்தால் அவனுக்கு அன்றைக்குக் கட்டாய மரண தண்டனை. அந்தக் கட்டாயம் 2023 ஜூலையில்தான் நீங்கியது. 2016இல் அவன் பஸ் ஏறி ஊருக்கு வர வழியே இல்லை. 304ஆவது பிரிவுக்கு மாற்றுங்கள்: கொலையாகாத மரணம் விளைவித்தல். 18 வருஷத் தண்டனை என்று வையுங்கள். நன்னடத்தைக்காக மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் சரியாக 12 வருகிறது.

இப்போது பாருங்கள், 304 என்றதும் கிராணிக்கு உயிர் வந்துவிடுகிறது. வாக்குவாதம் நடந்திருக்கிறது, ஒருவன் செத்திருக்கிறான், முனியன் அந்த இடத்தில் இருந்திருக்கிறான். அப்படியானால் கிராணி சொன்னது முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் பார்த்ததில் பாதியைச் சொன்னார்; சொல்லாமல் விட்ட பாதிதான் முனியனைக் காப்பாற்றியிருக்கும். பச்சைப் பொய் சொன்னவன் ராத்திரி எப்படியோ தூங்கிவிடுவான். பாதி உண்மை சொன்னவர் 12 வருஷமும் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த நியாயத்தை அவர் வாயிலிருந்தே எழுதுங்கள். வாசகர் ஓரிடத்திலாவது ‘நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ’ என்று நெளிய வேண்டும்.

அவருக்கு என்ன நெருக்கடி? 2004இல் தோட்டம் கைமாறப்போகிறது என்று வையுங்கள். தொழிலாளிக்கு லயத்து வீடு, அதாவது வரிசை வீடு, கைவிட்டுப் போகும் என்றால் கிராணிக்கும் குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகும். அப்போது அவருக்கு 46 வயது, மகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். தோட்டத்து மேனேஜர் துரை கூப்பிட்டு, ‘போலீஸ் கேட்டால் நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்’ என்றால் போதும். மிரட்டல்கூடத் தேவையில்லை. 2016இல் அவருக்கு 58. ஈபிஎஃப் (சேமநிதி) பணத்தை 55இல் எடுத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு வீட்டை முடித்துவிட்டார். கோயில் கமிட்டியில் செயலாளர். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை. பழிவாங்க வந்தவன் கண்முன்னால் உட்கார்ந்திருப்பது இந்த மனிதர்.

இப்படித்தான் மற்ற 14 பேரையும் பார்க்க வேண்டும். ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, முனியன் உள்ளே இருந்த 12 வருஷத்தை அவர்கள் வெளியே எப்படிக் கழித்தார்கள் என்று எழுதுங்கள். யாருடைய பக்கம் காலியாக நிற்கிறதோ, அவர் நாவலுக்கு வேண்டாம். உங்கள் வக்கீல், இன்ஸ்பெக்டர், ஜெயிலுக்குள் அடிக்கிற ரவுடி மூவரின் பக்கமும் காலியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஜெயிலில் அறிவுரை சொல்லும் கிழவரையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். என்னிடம் வரும் பழிவாங்கல் கதைகளில் பாதியில் அந்தக் கிழவர் உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு மூதாதை அலெக்சாந்தர் துமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’வில் வரும் பாதிரியார். அந்த நாவலில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அதன் கதைநாயகன் தாந்தேயைச் சிறைக்கு அனுப்பியதில் நாலு பேருக்குப் பங்குண்டு, நாலும் ஒரே எடை கிடையாது. ஒருவனுக்கு அவன் பதவிமேல் பொறாமை, ஒருவனுக்கு அவன் காதலிமேல் ஆசை, ஒருவனுக்குத் தன் உத்தியோகத்தைக் காப்பாற்றும் கவலை. நாலாமவன் குடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் கதையில் அந்த நாலாமவன் யார்? எனக்குத் தெரிந்து, லயத்து மக்களில் நிறையப் பேர். அன்றைக்கு ராத்திரி கள்ளுக்கடை வாசலில் நின்ற எல்லோரும்.

ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. 14 வருஷம் கழித்துத் தப்பித்த தாந்தே வேறு பெயரில், வேறு ஆளாகத் திரும்புகிறான். உங்கள் முனியனுக்கு அந்த வசதி கிடையாது. தைப்பிங்கில் ஏறி, கோலகங்சார் தாண்டி, சுங்கை சிப்புட்டில் இறங்கினால் பஸ் நிலையத்திலேயே யாராவது ஒரு கிழவி, ‘நீ பெருமாள் மவன்தானே?’ என்று கேட்டுவிடுவாள். சாயங்காலத்துக்குள் கிராணிக்குச் செய்தி போயிருக்கும். ஒளிந்து பழிவாங்க முடியாத ஊர் அது. இதைக் குறையாக நினைக்காதீர்கள், உங்கள் நாவலுக்குக் கிடைத்த வரம்.

தோட்டத்தையும் ஒரு பாத்திரமாக நோட்டில் சேருங்கள். அவன் வெட்டிய கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்து 2004இலேயே செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டிருந்தால், மூணாவது வருஷம் காய்க்கத் தொடங்கியிருக்கும். சின்ன மரத்தில் உளியால் குலையை வெட்டுவார்கள், உயரமான மரத்துக்கு நீண்ட கம்பில் கட்டிய அரிவாள். திரும்பி வந்தவன் அண்ணாந்து அந்த அரிவாளைப் பார்த்தாலே போதும், எத்தனை வருஷம் போனது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். லயத்தில் பங்களாதேஷ்காரர்கள் இருக்கிறார்கள். சம்பவம் நடந்த இடத்தைக் காட்டக்கூட அங்கே ஆள் இல்லை.

மனைவி விஷயத்தில் உங்களிடம் ஓர் ஓட்டை. அவள் ‘துரோகம் செய்து’ வேறொருவனைக் கட்டிக்கொண்டாள், இவனுக்கு வெளியே வந்துதான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1982 மார்ச் முதல் நம்மவர் கல்யாணம் பதிவாக வேண்டும். பதிவுக் கல்யாணம் என்றால், நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்காமல் மறுமணம் செய்ய முடியாது. அந்த விவாகரத்து வழக்கின் கடிதம் சிறைக்குள் அவன் கைக்கு வந்திருக்கும். வரட்டும். அவன் எதிர்க்காமல் விட்டான் என்று எழுதுங்கள். அப்புறம் அவளைத் துரோகி என்று அவனாலேயே சொல்ல முடியாது. அம்மாவைப் பற்றி ஒன்றுதான்: அழுதது போதும், 12 வருஷமும் அவர் எங்கே வேலை செய்தார் என்று சொல்லுங்கள்.

ஆளை ஆள் கூப்பிடும் விதத்தையும் கவனியுங்கள். 2004இல் கிராணி ‘டேய் முனியா’ என்பார், இவன் ‘ஐயா’ என்பான். 2016இல் தாமான் வீட்டுக் கேட்டைத் திறக்கும் கிராணி, ‘வாங்க தம்பி’ என்கிறார். பயத்தில் வந்த மரியாதை. முனியனுக்கு ‘ஐயா’ நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. பழக்கம் அல்லவா? சொன்னால் தோற்றான், ‘என்னய்யா கிராணி’ என்றால் வந்த வேலையில் பாதி முடிந்துவிடும். அவன் எதைச் சொல்கிறான் என்பதை யோசித்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

கடைசியில் அவன் கிராணியைக் கொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அந்தக் கேட் காட்சியை முதலில் எழுதி அனுப்புங்கள். சாட்சி சொன்னபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் இப்போது வளர்ந்தவள், வந்தவர் யாரென்று தெரியாமல் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து வைக்கட்டும். அவன் அதைக் குடிக்கிறானா என்று பார்ப்போம்.