நந்தம்பாக்கத்துல மாநாடு, ராயபுரத்துலேருந்து பதில்

வெள்ளி, சனி, ஞாயிறுன்னு மூணு நாள் மருந்தாளுநர் மாநாடு, சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துல. வெளியூர்லேருந்து வர்ற நம்ம ஆளுங்க "தலைநகரத்துக்கு வந்துட்டு மண்டபத்தையே பார்த்துட்டுப் போகணுமா"ன்னு கேக்கப் போய், என்னைக் கோத்து விட்டுட்டாங்க. நான் ராயபுரத்துல பொறந்து, முப்பது வருஷம் மருந்து கவுண்டர்ல நின்னு ரிட்டையர் ஆனவன். எனக்குத் தெரிஞ்சது வடக்குதான், அதைக் கேளுங்க. முன்கூட்டியே ஒண்ணு: மண்டபத்தை விட்டு வெளிய வந்ததும் கழுத்துல தொங்குற அட்டையைக் கழட்டிப் பையில போட்டுடுங்க.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி: சனிக்கிழமை மதியத்துக்கு மேல எங்களுக்கு வகுப்பு இல்லை. நாலு பேர், அரை நாள். எங்க போறது, எப்படிப் போறது?

வாசல்ல ஆட்டோ பிடிச்சு ஆலந்தூர் மெட்ரோவுக்கு வாங்க. விம்கோ நகர் போற நீல லைன்ல ஏறுங்க. பச்சை லைனும் அங்க வரும், ஆனா அது சென்ட்ரலோட நின்னுடும். நீலத்துல உட்கார்ந்தா மாறாம உயர்நீதிமன்றம் ஸ்டேஷன்ல இறங்கலாம்.

வெளிய வந்து நிமிர்ந்து பாருங்க. 1892-ல திறந்த சிவப்புக் கட்டடம். இருக்கறதுலேயே உசரமான அந்த கோபுரத்துலதான் 1894-லேருந்து 1977 வரைக்கும் கலங்கரை விளக்கம் எரிஞ்சுது. "அவன் சரியான எம்டன்"னு வீட்டுல பெரியவங்க சொல்லுவாங்களே, அந்த எம்டன் ஒரு ஜெர்மன் கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி கடல்ல நின்னு துறைமுகத்து எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திட்டுப் போச்சு. கோர்ட்டோட கிழக்கு மதில்ல அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு. தினம் அந்தப் பக்கம் போற வக்கீலைக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது.

ரோட்டைத் தாண்டினா தம்பு செட்டி தெரு, காளிகாம்பாள் கோயில். 1677-ல சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டார்னு சொல்லுவாங்க. பாரதியார் அடிக்கடி வந்த கோயில். அம்மனைப் பார்த்துட்டு பொழுது சாய செகண்ட் லைன் பீச்சுக்கு நடந்து வந்துடுங்க. அங்க அத்தோ.

பர்மாவுலேருந்து 1960-கள்ல திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டாந்த சாப்பாடு இது. ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாத்தூள், பூண்டு எண்ணெய், மேல நொறுக்கின பேஜோங்கிற மொறுமொறு தட்டை. கடைக்காரர் கையாலேயே பிசைஞ்சு தருவார், முகம் சுளிக்காதீங்க, கரண்டியால கலந்தா அது அத்தோவே இல்லை. கூட வாழைத்தண்டு சூப். அப்புறம் முட்டை: அவிச்ச முட்டையைக் கீறி, உள்ள வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் விட்டுத் தருவாங்க. கடிச்சீங்கன்னா சட்டை போச்சு. முழுசா வாய்க்குள்ள.

பர்மா பஜாரும் அங்கதான். அட்டையைக் கழட்டியாச்சா?

நாமக்கல்: வடசென்னை பாதுகாப்பான இடமா? சினிமாவுல பார்த்தா பயமா இருக்கு.

சினிமாக்காரங்க எங்க தெருவுக்கு கேமராவோட வர்றப்போ அருவாளையும் அவங்களே எடுத்துட்டு வர்றாங்க. இங்க பொம்பளைங்க விடியக்காலை மூணு மணிக்குக் கூடையோட மீன் ஏலத்துக்குப் போறாங்க. கூட்டத்துல பர்ஸ், போன் பத்திரம், அது உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலயும் பத்திரம்தான். ராத்திரி தெரியாத சந்துல சுத்தாதீங்க. அவ்ளோதான்.

கோயம்புத்தூர்: மையத்துக்குப் பக்கத்துல நல்ல ஓட்டல் ரூம்?

மாநாட்டு அமைப்பாளர்கிட்ட கேளுங்க. நான் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கேன்.

சேலம்: வெள்ளிக்கிழமை காலையில பதிவு முடிஞ்சதும் செயிண்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியம் போகலாம்னு இருக்கோம்.

வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு. வெளியூர்க்காரங்க வருஷா வருஷம் இதே தப்பைப் பண்றாங்க. சனிக்கிழமை போங்க. ஆதார் மாதிரி ஏதாவது கையில இருக்கட்டும், தலைமைச் செயலகமும் சட்டசபையும் உள்ளேயே இருக்கறதால வாசல்ல சோதனை உண்டு. 1680-ல கட்டின செயிண்ட் மேரீஸ் சர்ச்சையும் விட்டுடாதீங்க. ராபர்ட் கிளைவ் 1753-ல தாலி கட்டின இடம். சரி, மோதிரம் மாத்தின இடம்.

திருநெல்வேலி: காசிமேட்டுல மீன் வாங்கி ஊருக்குக் கொண்டு போக முடியுமா? ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயில்.

இது கேள்வி! முடியும். ஆனா மாநாட்டு தேதி ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவுல விழுந்தா மறந்துடுங்க, தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்ன ஃபைபர் படகு மீன்தான் வரும், விலையைக் கேட்டா நெஞ்சு வலிக்கும்.

மத்த மாசத்துல, ஞாயிறு காலையில அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும். ஏழுக்கு மேல பாதி மெட்ராஸ் அங்கதான் நிக்கும். ஏலத்துல கை தூக்காதீங்க, கூடை மொத்தமும் உங்க தலையில விழும். ஏலம் எடுத்து சில்லறையா விக்கிற அம்மாகிட்ட வாங்குங்க. வஞ்சிரம்னா செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, ரத்தச் சிவப்பா இருக்கணும். பழுப்பு அடிச்சா "அப்பறம் வரேன்க்கா"ன்னு நகர்ந்துடுங்க. விரலால அமுக்கினா குழி விழாம எழும்பணும். அதிகமா ஐஸ்ல கிடந்ததா, இப்ப இறங்கினதான்னு கண்ணுலயே தெரியும், இப்ப இறங்கினதுன்னா கண்ணு உப்பலா பளிச்சுன்னு இருக்கும். வெட்டித் தர தனியா ஆள் இருக்காங்க, தனிக் காசு. ஊருக்குன்னா வெட்டாம, குடலை மட்டும் எடுத்துட்டு முழுசா, தெர்மாகோல் பெட்டியில ஐஸ் போட்டு டேப் ஒட்டுங்க. நம்ம தொழில்ல தடுப்பூசிப் பெட்டி கட்டுற அதே விதி: அடியில ஐஸ், நடுவுல சரக்கு, மேல ஐஸ்.

ரயில் ராத்திரிதான்னா அதுவரைக்கும் பெட்டியை எங்க வைக்கிறதுன்னு முதல்ல யோசிங்க. மாநாட்டு மண்டபத்துல வைக்காதீங்க, ப்ளீஸ்.

செருப்பு போட்டு வாங்க. ஒரு தடவை வெளியூர் நண்பர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனப்போ நான் புது ஷூவோட போனேன். மூணு நாள் வெயில்ல வச்சும் அந்த வாடை போகலை. வீட்டுல ஷூவையும் என்னையும் சேர்த்து வாசல்ல நிறுத்திட்டாங்க.

திருச்சி: ராயபுரம் ரயில் நிலையம் பார்க்கத் தகுந்ததா?

பீச் ஸ்டேஷன்லேருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல்ல அடுத்த ஸ்டேஷன். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் இங்கேருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிச்சு. சென்ட்ரல் வந்ததே 1873-ல. 2005-ல புதுப்பிச்சாங்க. தூண் வரிசையைப் பார்த்தா ஏதோ ஜமீன் மாளிகைன்னு நினைப்பீங்க. நாட்டிலேயே பழசு.

மும்பை, தாராவியிலிருந்து ஒருவர்: தப்பு சார். முதல் ரயில் 1853 ஏப்ரல் 16, போரிபந்தர்லேருந்து தானேவுக்கு. எங்க ஊர்தான் பழசு.

தம்பி, முதல் ரயில் உங்களுதுதான், யார் இல்லைன்னா? நான் பேசினது கட்டடம். அந்த போரிபந்தர் ஸ்டேஷன் இப்ப எங்க இருக்கு? அதை எடுத்துட்டுப் பெரிய டெர்மினஸ் கட்டிட்டீங்க. ராயபுரத்துல அதே கட்டடம் நிக்குது. நிக்கிறதுலேயே பழசு இதுதான்.

சிந்தாதிரிப்பேட்டை: ரெண்டு பேருமே சண்டை போடாதீங்க. 1837-லேயே செங்குன்றம் பக்கம் தண்டவாளம் போட்டாச்சு.

அப்படிச் சொல்லுங்க! மறந்தே போனேன். ஆர்தர் காட்டன் ரோடு போட கல் இழுக்கறதுக்காகப் போட்ட பாதை. ஆள் ஏத்துற ரயில் இல்லை, அதனால முதல் "பயணிகள் ரயில்" பட்டம் பம்பாய்க்கே. ஆனா தண்டவாளம் எங்களுது, பதினாறு வருஷம் முன்னாடி. செங்குன்றம் எந்தத் திசை? வடக்கு.

தாராவி: கல் வண்டியெல்லாம் கணக்குல வராது சார்.

கல்லு இல்லாம ரோடு ஏது?

கும்பகோணம்: குடும்பத்தோட வர்றோம். வடசென்னை சேஃபா?

மேல நாமக்கல்லைப் படிங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: திருவொற்றியூர் கோயிலுக்குப் போக வழி சொல்லுங்கள்.

வாங்க ஐயா. அதே நீல லைன்ல திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷன். தியாகராஜர், வடிவுடையம்மன். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கட்டிக்கிட்டது இங்கதான். "உன்னை விட்டுப் போகமாட்டேன்"னு மகிழ மரத்தடியில சத்தியம் பண்ணிட்டு ஆரூர் நினைப்புல கிளம்பினார், ஊர் எல்லையிலேயே கண்ணு போச்சு. மகிழ மரத்தைப் பார்த்துட்டு, அப்படியே கடலோரம் பட்டினத்தார் சமாதிக்கும் போயிட்டு வாங்க. சாயங்காலக் காத்துல அங்க உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராது.

விழுப்புரம்: மாமல்லபுரம் ஒரே நாள்ல முடியுமா?

தெற்கு. வேற ஆளைப் பாருங்க.

தர்மபுரி: தனியா வர்ற பெண்களுக்கு வடசென்னை...

நாமக்கல், நாமக்கல், நாமக்கல்.

ஈரோடு: அந்த அட்டையை ஏன் கழட்டணும்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?

அட்டையில "டெலிகேட்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். நான் ஒரு தடவை கழட்ட மறந்து பஜார்ல டார்ச் லைட் விலை கேட்டேன். இந்த ஊர்க்காரன், இந்தத் தமிழ்ல கேட்டும், கடைக்காரர் ஒண்ணுக்கு மூணா சொன்னார். அட்டையைக் கழட்டிட்டு, ரெண்டு கடை தள்ளி அதே டார்ச்சைப் பாதி விலைக்கு வாங்கினேன்.

தாராவி: சார், மாநாட்டுக்கு நானும் வர்றேன். ஞாயிறு மதியம் அந்த ஸ்டேஷனை நேர்ல காட்டுங்க, ஒத்துக்கறேனா பார்ப்போம்.

நாலு மணி, ராயபுரம் டிக்கெட் கவுண்டர் பக்கம் நிக்கிறேன். அட்டையோட வந்தீங்கன்னா தெரியாத மாதிரி போயிடுவேன்.