நகையை அடகு வைக்கும் முன்

அம்மா, வணக்கம்.

கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். பிளஸ் ஒன் படிக்கும் மகள், போன வருஷம்வரை 'கம்ப்யூட்டர்தான்' என்று நின்றவள், இப்போது 'டாக்டராகி அப்பாவைக் காப்பாத்துவேன்' என்கிறாள். நகையை வைத்து நீட் கோச்சிங்கில் சேர்க்கட்டுமா, இல்லை இது ஆறு மாசத்தில் அடங்கிவிடும் வேகமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நகையை இப்போது வைக்க வேண்டாம். வெறும் வேகம் என்று தள்ளவும் வேண்டாம். பல வருஷத்துக்கு முன்னால், அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வந்த ஒரு பையனை, "துக்கத்தில் முடிவு எடுக்காதே தம்பி" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்கக்கூட இல்லை. அதற்கப்புறம் அவன் வரவே இல்லை.

வீட்டில் அடி விழும்போது, எது தன்னைத் தூங்கவிடாமல் உறுத்துகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதற்கு என்ன படிக்க வேண்டும் என்பதுதான் தெரியாது. ஆஸ்பத்திரி என்றதும் தெரிந்த பெயர் டாக்டர், அதைச் சொல்கிறார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைத் தெரியும் அல்லவா? எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர், 1918-ல் பிறந்தவர். சிறுவயதில் உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் கர்ப்பகாலத்தில் இறந்துபோனார்கள். பிரசவ டாக்டராக வேண்டும் என்று அப்போது மனதில் விழுந்ததுதான் அவரை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிவரை கொண்டுபோனது. 1944-ல் பட்டம், பிறகு ராணுவ மருத்துவப் பணி. அங்கே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்க முடியாது என்றாகிவிட்டது. அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்த விரல்களிலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார். பணி ஓய்வுக்குப் பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார்.

பத்து வயசில் நினைத்த வேலை வேறு, கடைசியில் பார்த்த வேலை வேறு. தடுக்கக்கூடிய துன்பத்தைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாத அந்த மனசு மட்டும் மாறவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். கண்புரை எடுத்த கண்ணில் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992-ல் அதை மதுரையிலேயே தயாரிக்க அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம் வந்தது. அங்கே லென்ஸ் செய்கிறவர்களும் பார்வையைத்தான் கொடுக்கிறார்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "மெஷின் கத்தினால் நான் பதறி நர்ஸைக் கூப்பிடுவேன், இவள் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்." ஒரு தடவைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று டெக்னீஷியனிடம் கேட்டு, நிமிஷத்துக்கு அரை லிட்டர், நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர் என்று நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாளாமே! கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது இந்த இடத்தைத்தான். அவள் கண் மெஷின்மேல் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம், அவளிடமே கேளுங்கள்.

அப்படித்தான் என்றால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று, இந்த மாதிரி மருத்துவ மெஷின்களைப் பற்றிய நான்கு வருஷப் படிப்பு இருக்கிறது. நீட் கிடையாது, பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணில் 200-க்குக் கட்ஆஃப் போட்டுக் கலந்தாய்வு. நோயாளி பக்கத்திலேயே இருக்க ஆசைப்பட்டால் பி.எஸ்சி. நர்சிங், பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி. தமிழ்நாட்டில் இவற்றுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூவையும் அங்கேயே முடித்தால் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அவள் எடுத்திருப்பது பயாலஜி-மேத்ஸ் குரூப், இரண்டு கதவும் திறந்தே இருக்கிறது. பிளஸ் டூ பாதி போகும்வரை எதையும் மூட வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் டாக்டர்தான் என்றால், அப்போது நீட்டைப் பற்றிப் பேசுவோம்.

சொல்லத் தயங்கும் ஒரு விஷயம். எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை வருஷம். சிறுநீரக நிபுணராக அதன்மேல் எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. அப்பாவுக்காக என்று கணக்குப் போட்டால் இது நெஞ்சை அடைக்கும். நீங்களாக அந்தக் கணக்கை அவள் முன்னால் போடாதீர்கள், அவளே போட்டிருக்கவும் கூடும். அப்பாவைப் பார்த்துக்கொள்வது உன் பாரம் மட்டும் இல்லை என்று அவர் வாயாலேயே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். நானோ நீங்களோ சொல்வதைவிட அது அவளுக்குக் கேட்கும்.

பரீட்சை முடிந்ததும் ஒரு சனிக்கிழமை இருவரும் வாருங்கள். மார்க்ஷீட் வேண்டாம், அந்த நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.