கேமரா கேள்விகள்: நீளும் படிக்கட்டு, துரத்தும் மலை

கேள்வி: இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்தில் (1958) நாயகன் மணிக்கூண்டுப் படியில் நின்று கீழே பார்த்ததும் அந்தக் குழி அப்படியே நீள்கிறதே, எப்படி? செல்போனில் எடுக்க வருமா?
– கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: கேமரா உள்ளே போகப் போக ஜூம் விரிந்தால் பக்கத்தில் இருப்பது அதே அளவில் நிற்கும், பின்னால் இருப்பது விலகி ஓடும். கேமராவைப் படிக்கட்டின் உச்சியில் தூக்கி நிறுத்த 50,000 டாலர் ஆகும் என்றார்களாம். ‘ஷாட்டில் ஆளே இல்லை, வெறும் பார்வைதானே!’ என்ற ஹிட்ச்காக், சின்னதாக மாதிரிப் படிக்கட்டு ஒன்று செய்து, தரையில் படுக்கப்போட்டு எடுத்துவிட்டார். செலவு 19,000 டாலர்.

போனில் எடுக்கும்போது ஜூமை விரலால் இழுக்காதீர்கள். நடுவில் லென்ஸ் மாறிப் படம் குதிக்கும். ஒரே லென்ஸில் 4கே-யில் எடுத்து, அதில் பாதி அகலமுள்ள 1080 டைம்லைனில் எடிட் செய்யுங்கள், ஜூமை அங்கே படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவரலாம். முகத்திலிருந்து 2 மீட்டரில் தொடங்கி 1 மீட்டருக்கு வாருங்கள். எடிட்டில் படத்தின் அளவு தொடக்கத்தில் 200 சதவீதம், முடிவில் 100 (முழுப்படமும் சட்டத்துக்குள் அடங்கும் அளவு). ஒன்றரை மீட்டரில் 150 வரவேண்டும். நடுவில் வேகம் மாறினால் முகம் ஊதிச் சுருங்கும். அதனால் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, 4 விநாடிக்கு எண்ணிக்கொண்டே தள்ளுங்கள். சக்கர நாற்காலி போதும். டைல்ஸ் இடுக்கில் மட்டும் குலுங்கும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் முன்பே லாக் செய்துவிடுங்கள். பின்னால் வெறும் சுவர் இருந்தால் ஒன்றுமே தெரியாது. தூண் வரிசையுள்ள பள்ளி வராந்தா அருமையாக வரும்.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ மாதிரிச் சரிவுத் தெரு எங்கள் ஊரில் இல்லையே?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: ‘வெர்டிகோ’வில் அந்த ஊரில் கார் பின்தொடரும் காட்சிகள் பெரும்பாலும் இறக்கத்திலேயே போகின்றன, அதுவும் காரின் முன்கண்ணாடி வழியாக. பார்ப்பவருக்கும் வயிறு கீழே போகிறது. ஆனால் மணிக்கூண்டுக் காட்சி நடக்கும் சான் ஹுவான் பாடிஸ்டா தேவாலயத்தில் அந்த மணிக்கூண்டே கிடையாது, படத்துக்காகச் சேர்த்ததுதான். இருக்கிற ஊரையே அப்படியே காட்ட வேண்டும் என்று சட்டமா என்ன?

உங்களுக்குத்தான் சையத் பாஷா மலை இருக்கிறதே! பழையபேட்டைத் தெருவில் நடிகரை நிறுத்தி, 2 மீட்டரில் போனின் 1எக்ஸ் லென்ஸில் ஒரு ஷாட். பிறகு 6 மீட்டர் தள்ளிப் போய் 3எக்ஸ். முகம் அதே அளவுதான், மலை மட்டும் மூன்று மடங்காகித் தலைமேல் சாயும். ஆள் நிம்மதியாக இருக்கும் காட்சிக்கு முதலாவது, சந்தேகம் முற்றிய பிறகு இரண்டாவது. ஒரே காட்சியில் இரண்டையும் கலந்தால் வேறு ஊர் போலத் தெரியும். கோடை உச்சிவெயிலில் புழுதிப் புகையில் பாறை வெளுத்துப்போகும். மழை விட்ட மறுநாள் காலையில் எடுங்கள்.