சுவருக்கு எதிர் வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் வேலை. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னையின் சுவரோவியங்களைத் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதி கைபேசியில், பாதி ஒரு பழைய கேமராவில். முந்நூறு படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. போன மாதம் கண்ணகி நகரில் ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் ஒரு பெண்மணி குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். சட்டகத்துக்குள் குடங்கள் வந்தன. “கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா அக்கா, ஒரு போட்டோ” என்றேன். “இது எங்க வூட்டு செவுரு தம்பி. நான் எங்க நவுர்றது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நகரவும் செய்தார். படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அந்தப் படம் மட்டுமல்ல, எல்லாப் படங்களுமே ஆளில்லாத ஊரில் எடுத்தவை போலத் தெரிந்தன.

என் நண்பன் ஒருவன், “அடுத்தவன் வரைஞ்சதை நீ ஜெராக்ஸ் எடுக்கிற, அவ்வளவுதான்” என்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நான் செய்வதற்கு ஏதாவது பொருள் உண்டா? எப்படி எடுத்தால் சரியாக இருக்கும்? பத்துப் படங்களை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்கலாம் என்றும் ஓர் எண்ணம் உண்டு. அது தவறா?

ச., மடிப்பாக்கம்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த அக்காவின் வாக்கியத்தில் வந்து நின்றேன். உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அதிலேயே இருக்கிறது.

கண்ணகி நகர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டையொட்டி, சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் நடைபாதைகளிலும் இருந்தவர்களைக் கொண்டுவந்து துரைப்பாக்கத்தில் குடியேற்றினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பத்து மக்களும் வந்தார்கள். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த சாலை. ஆனால் விண்ணப்பத்தில் ‘கண்ணகி நகர்’ என்று முகவரி எழுதினாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்கே வளர்ந்த பிள்ளைகள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். 2020-இன் தொடக்கத்தில் அந்தக் கட்டடங்களின் பக்கச் சுவர்களில் ஓவியங்கள் வந்தன. தில்லி லோதி காலனியில் இதே வேலையைச் செய்த ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை முன்னின்று செய்தது. வெளியூர், வெளிநாட்டு ஓவியர்களோடு சென்னைக்காரரான ஏ-கில்லும் வரைந்தார்.

அந்த ஓவியங்களைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஊரின் பெயரையே மாற்றிவிட்டது என்பது ஒன்று. தண்ணீரும் வேலையும் கேட்டவர்களுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. குடங்களின் வரிசையை நீங்களே பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆனாலும் ஓவியத்தை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வராது. நான்கு மாடி உயரத்துக்கு ஒரு குழந்தையின் முகம் எழுவதை, கீழே நின்று நாள்தோறும் பார்த்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அது அவர்களுக்குள் என்ன செய்தது என்பதை நானோ நீங்களோ வெளியில் இருந்து தீர்மானிக்க முடியாது.

அங்கே போனபோது எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓவியம் உள்ள கட்டடத்தில் குடியிருப்பவருக்கு அந்த ஓவியம் தெரியாது. அது அவருடைய சுவரின் வெளிப்புறம். காலையில் எழுந்து சன்னலைத் திறந்தால் அவர் பார்ப்பது எதிர்க் கட்டடத்துச் சுவரை. அவருடைய சுவரில் இருப்பதை எதிர் வீட்டுக்காரர்தான் துணி உலர்த்தும்போதும் பல் துலக்கும்போதும் பார்க்கிறார். சுவர் ஒருவருடையது, ஓவியம் எதிர் வீட்டாருடையது. உங்கள் முந்நூறு படங்களில் ஒன்றாவது எதிர் வீட்டிலிருந்து எடுத்ததா? எல்லாம் தெருவில் நின்று அண்ணாந்து எடுத்தவையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி நின்று பார்ப்பவர் வந்துவிட்டுப் போகிறவர் மட்டுமே.

‘எப்படி எடுப்பது’ என்ற கேள்விக்கும் இதே இடத்தில்தான் பதில் இருக்கிறது. கீழே நின்று கைபேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடத்தின் இரு விளிம்புகளும் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். முகம் வரைந்திருந்தால் நெற்றி குறுகித் தாடை பெருத்துவிடும். அகலக் கோணத்தில் எடுத்தால் இன்னும் மோசம். எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று பாருங்கள். ஓவியத்தின் நடு உயரத்துக்கு வந்திருப்பீர்கள், கைபேசியைச் சாய்க்கவே வேண்டியதில்லை. ஆனால் அங்கே போய் நிற்க, அந்த மாடியில் குடியிருப்பவரிடம் பேச வேண்டும், அனுமதி கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒரு டீயும் கிடைக்கலாம். நல்ல படத்துக்கான இடமும் மரியாதையான இடமும் ஒரே படிக்கட்டில் இருக்கின்றன.

வெளிச்சத்தைப் பற்றியும் கொஞ்சம். ஞாயிறு காலையில் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கிழக்கு பார்த்த சுவரில் அப்போது நேர் வெயில் விழும். வெள்ளையும் மஞ்சளும் வெளுத்துப் போகும். அதே சுவருக்குப் பிற்பகலில் போனால் நிழலில் நிறங்கள் அடங்கித் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிய நாள்தான் நிறங்களுக்கு மிக நல்லது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் வெயில் விழும் அரை மணி நேரமும் விட்டுவிடக் கூடியதல்ல. நிறம் அப்போது சரியாக வராது. ஆனால் சுவரின் உடம்பு தெரியும். பூச்சின் சொரசொரப்பு, விரிசல், உப்புப் பூத்துப் பெயின்ட் கொப்பளித்த இடம், உருளை ஓடிய தடம், ஸ்ப்ரே வழிந்த கோடு. கடற்காற்றுப் படும் ஊரில் சுவரோவியத்தின் வயது அங்கேதான் எழுதியிருக்கும். கைபேசி தானாக நிறத்தைக் கூட்டிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். மின்கம்பியை அழிக்க வேண்டாம். கேபிள் ஒயர், ஏசி பெட்டி, கொடியில் தொங்கும் லுங்கி எல்லாம் இருக்கட்டும். ஓவியர் அந்தச் சன்னலைச் சுற்றித்தான் வரைந்திருக்கிறார். குடங்களும் இருக்கட்டும். நான்கு மாடி ஓவியம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு குடம் சொல்வது போல வேறெதுவும் சொல்லாது.

இனி, உங்கள் நண்பர் சொன்ன ஜெராக்ஸ்.

விழுப்புரத்தில் எங்கள் தெரு முனையில் பல்பொடி விளம்பரம் ஒன்று இருந்தது. கையால் எழுதியது. சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல், சிரிக்கும் ஒரு குழந்தை. கீழே மூலையில் எழுதியவரின் பெயரும் ‘ஆர்ட்ஸ்’ என்ற சொல்லும். அந்தக் குழந்தையின் கன்னத்தில் ஒரே இழுப்பில் போட்ட வளைவு ஒன்று உண்டு. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அந்தச் சுவரில்தான். சாலையை அகலப்படுத்தியபோது சுவர் போயிற்று. என்னிடம் இருப்பது அக்கா மகனை நிறுத்தி எடுத்த ஒரு படம். அவன் தோளுக்கு மேலே ‘பொடி’ என்ற சொல்லும் பாதிக் கன்னமும் தெரிகின்றன. எழுதியவரின் பெயர் அவன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பெயரை நினைவிலிருந்து மீட்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. அன்றைக்கு யாராவது ஒருவர் அந்தச் சுவரை ஜெராக்ஸ் எடுத்திருந்தால் இன்று அவர் காலில் விழுவேன்.

சுவரில் வரைந்ததன் மேல் இன்னொன்றை வரைவது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். அங்கே கீழே இருந்தது பிழைத்தது, பழையதைச் சுரண்டாமல் அதன் மேல் சுதை பூசி வரைந்ததால். நம் தெருச் சுவர்களில் எமல்ஷனைச் சுரண்டிவிட்டு அடுத்ததை அடிக்கிறார்கள். தேர்தல் வந்தால் சுண்ணாம்பு அடித்து, கட்சியின் பெயரையும் வருடத்தையும் எழுதிச் சுவரைப் பிடித்து வைக்கிறார்கள். கீழே இருப்பது பிழைக்காது. பிழைப்பது உங்கள் படம் மட்டும்தான். அதனால் புதிய சுவர்களைத் தேடி ஓடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, எடுத்த சுவருக்கே மறுபடி போங்கள். அதே படிக்கட்டு, அதே உயரம், ஆறு மாதம் கழித்து. தேதியைக் குறித்து வையுங்கள். ஓவியரின் கையெழுத்தைத் தனியாக ஒரு படம் எடுங்கள். பெரும்பாலும் கீழ் வலது மூலையில் இருக்கும், பைக் நிறுத்தி மறைத்திருப்பார்கள்.

மலேசியாவின் பினாங்கில் ஜார்ஜ் டவுனுக்குப் போயிருந்தபோது, ஆர்மேனியன் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் சகரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் பார்த்தேன். நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரோடு பொருத்தி, அதன் மேல் அக்காவும் தம்பியும் போவதாக வரைந்தது. படம் எடுக்க ஒரு நீண்ட வரிசை. என் முறை வந்தபோது பின்னால் நின்றவர்களின் அவசரத்தில் ஓவியத்தைப் பார்க்காமலேயே எடுத்துவிட்டு விலகினேன். மாலையில் கடைகள் அடைத்த பிறகு மறுபடி போனேன். சைக்கிளின் கைப்பிடி எத்தனையோ கைகள் பட்டு வழவழப்பாகியிருந்தது. தம்பியின் முகத்தில் இருந்த அந்தப் பிடிவாதமான குதூகலத்தை அப்போதுதான் கண்டேன். பகலில் எடுத்த படத்தில் அது இல்லை. அது அங்கே இருக்கிறது என்று தெரியாமல் எடுத்த படம் அது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டும், அதுவும் வரைந்த முறை தெரிந்து பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய சுவரில் கண் இங்கே, மூக்கு இங்கே என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மவுன்ட் ரோட்டில் சினிமா பேனர் எழுதிய நம் கலைஞர்கள் சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாகப் பலகையில் போட்டு வரைந்தார்கள். இன்றைய சுவரோவியர்களில் சிலர் கட்டத்துக்குப் பதிலாகச் சுவர் முழுக்கக் கிறுக்கிவிடுகிறார்கள். எழுத்து, வட்டம், அம்புக்குறி, கைக்கு வந்ததெல்லாம். அதைப் படம் பிடித்துக் கைபேசியில் அதன் மேல் தன் வரைபடத்தைப் பதித்து, இந்த வட்டத்துக்குப் பக்கத்தில் கண் வருகிறது என்று பார்த்துக்கொண்டு வரைகிறார்கள். கிறுக்கல்கள் பிறகு பெயின்ட்டுக்குள் மறைந்துவிடும். எங்காவது ஓவியம் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டால் முதல் நாளே போங்கள். அந்தக் கிறுக்கல் சுவர் ஒரு நாள் மட்டுமே இருக்கும். சாரத்தில் நின்று பேனர் எழுதியவர்களின் பிழைப்பை ஃப்ளெக்ஸ் சில வருடங்களில் துடைத்துவிட்டது. அவர்கள் கைபட்ட பலகைகள் போனது போனதுதான். இன்று சுவரில் வரைய லிஃப்ட் மேடையில் ஏறி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது. பெரிய முகத்தைத் தெருவுக்குத் தர சென்னைக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரையும் எடுத்திருப்பீர்கள். ஏ-கில்லும் கத்ராவும் வரைந்த முகங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்குவதற்கு எதிராக வரைந்த ஓவியம் அது. யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று சுவர் சொல்லாது. அதற்குக் கீழே நடந்து போகிறவர்களையும் சேர்த்து எடுங்கள். மேலே உள்ள முகங்களுக்கும் கீழே போகும் முகங்களுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு கணம் வரும். அந்தப் படத்தை ஓவியரால் எடுத்திருக்க முடியாது. உங்கள் நண்பருக்கு அதைக் காட்டுங்கள்.

அஞ்சலட்டை விஷயத்தில் நிதானம் வேண்டும். தெருவில் இருப்பது எல்லோருக்கும் பொது என்று நாம் நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்தையும் கட்டடத்தையும் படம் எடுத்து வெளியிட அனுமதிக்கிறது. ஓவியத்தை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. உங்களுக்காக எடுத்து வைப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். காசுக்கு விற்பதென்றால் வரைந்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விற்ற காசில் ஒரு பங்கையும் கொடுங்கள். படைத்தவரின் உரிமை சுவரோடு போய்விடுவதில்லை. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்காடினார். 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சியிருந்ததை அவரிடமே ஒப்படைக்கச் சொல்லி, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. அரசு காசு கொடுத்து வாங்கிய படைப்புக்கே இந்த நிலை என்றால், நாம் தெருவில் கண்ட ஓவியத்துக்குக் கேட்காமல் எப்படி விலை வைப்பது?

அடுத்த ஞாயிறு அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள். படத்தைப் பெரிதாக ஒரு பிரதி போட்டு எடுத்துச் செல்லுங்கள். அது அவர் வீட்டுச் சுவர், அவர் சன்னலிலிருந்து தெரியாத சுவர். முடிந்தால் குடங்களோடு ஒரு படம் எடுக்க அவரிடமே அனுமதி கேளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடிதத்தில் அக்காவைச் சொன்னீர்கள், குடங்களைச் சொன்னீர்கள், நண்பரைச் சொன்னீர்கள். அந்தச் சுவரில் என்ன வரைந்திருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.